ஒரே பாத்திரம்

விஞ்ஞானம் படிக்கின்ற நீ ஞாயிறுதோறும் தவறாமல் கோவிலுக்குப் போவது ஏன் என்று ஆய்வுக்கூடத்து நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. கேள்வியில் பாதி குறும்பு, பாதி அக்கறை. உலகம் ஆறே நாளில் தோன்றியதா, டார்வினை என்ன செய்வாய் என்று பேச்சு தேநீர் ஆறும் வரை நீளும். அந்த வாதத்தில் எனக்கு இப்பொழுது சுவை குறைந்துவிட்டது. கிறித்தவனாக இருப்பது ஒரு கொள்கைப் பட்டியலில் கையெழுத்திடுவது என்று நண்பர்கள் எண்ணுகிறார்கள். கொள்கைக்கும் இடம் உண்டு. ஆயினும் சபை வாழ்வை உள்ளிருந்து பார்ப்பவனுக்கு முதலில் எதிர்ப்படும் கேள்வி வேறு. யார் பக்கத்தில் யார் மண்டியிடுவது? யார் வாய்வைத்த பாத்திரத்தில் யார் பருகுவது?

இதைச் சற்று விளக்க வேண்டும். நற்கருணை ஆராதனையில் அப்பமும் திராட்சை இரசமும் பகிர்ந்து தரப்படும். எங்கள் வழக்கில் இரசம் ஒரே பாத்திரத்தில் வரும். ஒருவர் பருகியதும் ஐயர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குத் தருவார். (ஐயர் என்றதும் மாதுங்கா நண்பர்கள் திகைக்க வேண்டாம். திருநெல்வேலிக் கிறித்தவர்கள் சபைக் குருவை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா.) 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுக்கும் முறை எங்கள் சபையில் வந்தது. வேதியியல் மாணவன் என்ற முறையில் அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எச்சில் என்ற ஒரு சொல்லின் மேல் கட்டிய நாட்டில் அந்த ஒரே பாத்திரம் எத்தனை பெரிய துணிச்சல் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தத் துணிச்சல் தமிழகத்தில் எளிதாக வரவில்லை. இன்னும் முழுமையாக வந்துவிடவும் இல்லை. அந்தக் கதையில் ஒரு பகுதியையே இங்கே சொல்லப் புகுகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு மிஷன் சங்கங்கள் பல தமிழகத்தில் பணி செய்தன. ஒருவர் பகுதியில் மற்றவர் புகுந்து போட்டியிடாதிருக்கத் தங்களுக்குள் எல்லை வகுத்துக்கொண்டனர். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். விளைவு வேடிக்கையாயிற்று. நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் பக்கத்தில் பிறந்தவன் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த ஆங்கிலிக்கன் ஆனான். நாகர்கோவில், நெய்யூர்ப் பக்கத்தில் பிறந்தவன் இலண்டன் மிஷன் வழியே காங்கிரிகேஷனல் ஆனான். மதுரைக்காரனுக்கு அமெரிக்க மிஷன். திருச்சி, மன்னார்குடிக்காரனுக்கு வெஸ்லியன் மெதடிஸ்ட். ஆற்காடு, வேலூர்ப் பக்கத்தானுக்கு அமெரிக்கச் சீர்திருத்த மிஷன். செங்கற்பட்டானுக்கு ஸ்காட்லாந்துச் சபை. யாழ்ப்பாணத்திலும் 1816 முதல் அமெரிக்க மிஷன்.

இவர்களில் எவனாவது பேராயர் முறை மேலா, மூப்பர் முறை மேலா என்று ஆராய்ந்து சபையைத் தேர்ந்தானா? இல்லை. ஊர் தேர்ந்தது. இங்கிலாந்தில் மன்னர்களும் பார்லிமெண்டும் சண்டையிட்டுப் பிரிந்த பிரிவுகள், தாமிரபரணிக் கரையில் தாலுகா எல்லைபோல் நிலைத்துவிட்டன. பனையேறியும் உழுதும் ஊரோடு கிடந்தவரை இதனால் தொல்லை இல்லை. இரயில் வந்தது, பள்ளிப் படிப்பு வந்தது, வேலை தேடி மனிதன் இடம்பெயரத் தொடங்கினான். பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ ஐம்பது மைல். அந்த ஐம்பது மைலைக் கடந்தவன் தன் சொந்தத் தமிழிலேயே ஜெபிக்கும் கோவிலில் நுழைந்தும், நற்கருணைப் பந்தியில் அந்நியனாக நின்றான். இவன் சபைக்கும் அவர்கள் சபைக்கும் முறையான உறவில்லை.

இப்படி இடம்பெயர்ந்தவர்களில் தலைசிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். கிராமத்துக் குருவானவரின் மகன். தமிழர் பணத்திலும் தமிழர் உழைப்பிலும் நடக்க வேண்டும் என்று 1903-இல் இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். அச்சங்கம் தேர்ந்த இடம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல். அங்கே தாமே சென்று, தெலுங்கு கற்று, மாலா, மாதிகா மக்களிடையே வாழ்ந்தார். 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளையர் ஊழியர்கள் இந்திய ஊழியரைப் பணியாளராக நடத்துகிறார்களே ஒழிய நண்பராக ஏற்பதில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். சபையில் சிலர் முகம் சுளித்தனர். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஒரு சிறு கூட்டம் கூடியது. சீகன்பால்கு 1706-இல் கரையேறிய அதே தரங்கம்பாடி. அசரியா முன்னிலையில் கூடிய குருமாரில் இருவர் தவிர ஏனையோர் இந்தியர். முதல் உலகப் போர் அப்பொழுதுதான் ஓய்ந்திருந்தது. கிறித்தவ நாடுகள் எனப் பெயர் பெற்றவை ஒன்றையொன்று கொன்று தீர்த்ததை உலகம் பார்த்திருந்தது. அந்நாடுகளிலிருந்து வந்த பிரிவினைகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டனர். வேதநூல், இரு விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானம் நற்கருணை என்ற இரு திருவருட்சாதனங்கள், வரலாற்று வழிவந்த பேராயர் முறை ஆகிய நான்கின் மேல் ஒன்றுபடலாம் என்று அறிக்கை விடுத்தனர்.

ஓர் ஆண்டில் முடிந்துவிடும் என்று எண்ணியிருப்பார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின! முட்டுக்கட்டை ஒரே கேள்வி. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத குருவின் நற்கருணை செல்லுமா? ஆங்கிலிக்கன் தரப்பில் பலர் செல்லாது என்றனர். மறுதரப்பில், நாற்பது ஆண்டு ஊழியம் செய்த குருவை மீண்டும் அபிஷேகம் பெறச் சொன்னால், இதுவரை அவர் செய்தது நாடகமா என்று கேட்டனர். இரண்டும் மனச்சாட்சியின் குரலே. கடைசியில் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. இப்பொழுதுள்ள குருமார் அனைவரையும் அப்படியே ஏற்பது. மறு அபிஷேகம் யாருக்கும் வேண்டாம். இனிப் புதிதாக வருவோரை மட்டும் பேராயர் அபிஷேகம் செய்வது. எந்தச் சபைக்கும் அதன் மனச்சாட்சி ஒப்பாத குருவைத் திணிப்பதில்லை என்று வாக்களிப்பது. முப்பது ஆண்டு கழிந்தபின், எஞ்சிய விலக்குகளை என்ன செய்வதென்று சபையே முடிவு செய்வது. வேறுபாட்டைத் தீர்த்துவிட்டு இணைவோம் என்று காத்திராமல், இணைந்து வாழ்ந்து தீர்த்துக்கொள்வோம் என்று துணிந்தார்கள்.

அசரியா 1945 புத்தாண்டு நாளில் மறைந்தார், ஒன்றிப்பைக் காணவில்லை. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாயினர். முன்னிருந்த பிரிவுகள் அத்திருச்சபைக்குள் தனிச் சபைகளாக நீடிக்கவில்லை. யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயம். ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள். எல்லோரும் வரவில்லை. லுத்தரன் சபையினர் வெளியே நின்றனர். ஆந்திரத்து நந்தியாலில் ஆங்கிலிக்கன் மக்கள் பெரும்பாலோர் மறுத்துவிட்டனர். அதே நந்தியால் பின்னர் இணைந்ததும், 2013-இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா அம்மையார் அங்கேயே பொறுப்பேற்றதும் வரலாற்றின் குறும்பு.

பேராயர் முறையுடைய ஆங்கிலிக்கன் சபையும் அம்முறை இல்லாத சபைகளும் கலந்து ஒரே சபையாவது உலகில் அதுவே முதல் முறை. மேலைநாட்டு அறிஞர்கள் வியந்தனர், சிலர் கண்டித்தனர். இங்கிலாந்துத் திருச்சபையே முழு உறவு கொள்ளப் பல ஆண்டு தயங்கியது. ஆனால் 1950-இல் வெளிவந்த தென்னிந்தியத் திருச்சபையின் நற்கருணை ஒழுங்கைப் பிறகு உலகமே பார்த்து எழுதிற்று. அதில் குருவானவர் மேசைக்குப் பின்னே மக்களை நோக்கி நின்றார். கத்தோலிக்கத் திருச்சபையில் அவ்வழக்கம் பரவியது 1962-65 வத்திக்கான் சங்கத்தையொட்டித்தான். கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வழக்கிலிருந்து எடுத்த இன்னொன்றும் அதில் உண்டு. ‘சமாதானம்’ என்று ஒருவர் கையை மற்றவர் இரு கைகளுக்கிடையே பற்றி, வரிசை வரிசையாகச் சபை முழுதும் கடத்துவது. தொடாமல் இதைச் செய்ய முடியாது. இந்த நாட்டில் இதைச் சடங்காக எழுதிவைத்தவர்கள் விளையாட்டாக எழுதவில்லை என்றே நான் கருதுகிறேன்.

1947-இல் மதுரை-இராமநாதபுரப் பேராயராக அமர்ந்தவர் லெஸ்லி நியூபிகின் என்ற ஆங்கிலேயர். வயது முப்பத்தேழு. ஸ்காட்லாந்துச் சபை ஊழியராகக் காஞ்சிபுரத்தில் இருந்தபொழுது இராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு அமர்ந்து உபநிடதமும் யோவான் நற்செய்தியும் மாறி மாறிப் படித்தவர். பின்னர் சென்னைப் பேராயராகி, 1974-இல் தாயகம் திரும்பினார். இந்தியக் கிராமங்களைவிட இங்கிலாந்தின் நகரங்களே நற்செய்திக்குக் கடினமான நிலம் என்று கண்டார். ஏன்? அங்கே விஞ்ஞானம் சொல்வது ‘உண்மை’, சமயம் சொல்வது ‘சொந்த விருப்பம்’ என்று இரு பெட்டியாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். அப்பிரிவைக் கேள்வி கேட்க அவர் துணைக்கு அழைத்தவர் மைக்கேல் போலன்யி.

நண்பர்களே, இந்தப் பெயரை எங்கோ கேட்டதுபோல் இல்லையா? எம்.எஸ்ஸி. வகுப்பில் வினைவேகம் படிக்கும்பொழுது எழுதும் ஐரிங்-போலன்யி சமன்பாட்டின் போலன்யியே அவர். இடைநிலை அணைவைப் பற்றிக் கணக்கிட்டவர், 1948-இல் மான்செஸ்டரில் பௌதிக வேதியியல் பேராசிரியர் இருக்கையை விட்டுச் சமூக ஆய்வு இருக்கைக்கு மாறினார். விஞ்ஞானியும் முதலில் ஆசிரியரை நம்புகிறான், கருவியை நம்புகிறான், தன் கைப்பழக்கத்தை நம்புகிறான். நம்பிய பிறகே ஐயப்படக் கற்கிறான் என்பது அவர் வாதம். இது கடவுள் உண்டு என்பதற்கு நிரூபணம் அன்று. அப்படி யாரேனும் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் நம்பிக்கை என்பது அறிவுக்கு வெளியே கிடக்கும் குப்பை என்று சொல்வோர், தாம் முதன்முதல் பிப்பெட் பிடித்த நாளை நினைத்துப் பார்க்கலாம். யார் சொல்லை நம்பி அளவுக்கோட்டில் கண்ணை வைத்தோம்?

சரி, செம்பூருக்கு வருவோம். என் தந்தையார் சாயர்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து டிராம்பேயில் வேலைக்கு வந்தவர். இங்கே தென்னிந்தியத் திருச்சபையின் பேராயம் இல்லை. மும்பை, வட இந்தியத் திருச்சபையின் எல்லைக்குட்பட்டது. அது 1970 நவம்பர் 29-ஆம் நாள் நாகபுரியில் ஆறு சபைகள் ஒன்றாகி உருவானது. கோட்டைப் பகுதியில் 1718-இல் திறந்த புனித தோமா பேராலயம் இப்பொழுது அதனுடையது. அக்கோவிலுக்குப் போகும் கோட்டை வாயில்தான் சர்ச்கேட்டுக்குப் பெயர் தந்தது. தென்னிந்திய, வட இந்திய, மார்த்தோமா திருச்சபைகள் 1978-இல் ஒரு கூட்டுக் குழு அமைத்துக்கொண்டன. ஒருவர் குருவை, ஒருவர் நற்கருணையை மற்றவர் ஏற்பர். ஆகையால் என் தந்தையார் ஊர்ச் சபையின் கடிதத்தை நீட்டியதும் இங்கே பந்தியில் இடம் கிடைத்தது. அவருடைய பாட்டனாருக்கு ஐம்பது மைலில் கிடைத்திராத இடம், அவருக்கு ஆயிரம் மைல் கடந்து கிடைத்தது. தரங்கம்பாடிக் கூட்டத்தின் பயன் இது என்று நான் எண்ணுவதுண்டு.

எங்கள் சபையில் நாசரேத்தாரும் மார்த்தாண்டத்தாரும் திருச்சியாரும் தாராவியில் மூன்று தலைமுறையாக வாழ்வோரும் உள்ளனர். அறுப்பின் பண்டிகை வந்தால் பார்க்க வேண்டும். அறுக்க வயல் ஏது? செம்பூர்ச் சந்தையில் வாங்கிய பூசணியையும் வாழைத்தாரையும் பீடத்தின் முன் அடுக்கி, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். நாற்பது ரூபாய்த் தேங்காய் ஐந்நூறுக்குப் போகும். சேடா நகர் முருகன் கோவிலுக்குப் பூ கொடுப்பவரிடமே எங்கள் பீடத்துக்கும் பூ வாங்குகிறோம். அவர் இரு பண்டிகைத் தேதிகளையும் எங்களைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பார்.

இவ்வளவும் மகிழ்ச்சியான செய்தி. மற்றொன்றும் உண்டு. 1947-இல் கிழிக்கப்பட்டவை மேலைநாட்டிலிருந்து வந்த வேலிகள். நம் சொந்த வேலி அந்தப் பட்டியலில் இல்லை. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே, சபைக்குள் சாதி அறவே கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னையிலும் பெருங் கலகம் எழுந்தது. சாதிக்கொரு பக்கம் உட்காரும் வழக்கத்தை விட முடியாது என்று பலர் சபையையே விட்டு விலகினர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடிய பாடல்களை நாங்கள் இன்றும் உருகிப் பாடுகிறோம். அவரே அவ்வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியவர். பாடல் இனிமை குறையவில்லை, அச்செய்தியும் மாறவில்லை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்று பாத்திரம் ஒன்றுதான். மண்டியிடும் வரிசையும் ஒன்றுதான். வேலி கலியாணப் பேச்சுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. சென்ற ஆண்டு என் அக்காளுக்கு ஒரு வரன் வந்தது. அதே சபை; அதே பாடகர் குழுவில் ஆறு ஆண்டு சேர்ந்து பாடியவர்கள். ஆங்கிலிக்கனா மெதடிஸ்டா என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சொற்களே அவர்களுக்கு மறந்திருக்கும். “உங்களுக்குப் பூர்வீகம் எந்தத் தெரு?” என்று மட்டும் கேட்டார்கள். பதில் தெரிந்தபின் பேச்சு நின்றது. அடுத்த ஞாயிறு, சமாதானம் கடத்தும்பொழுது, அந்த அம்மாளின் கை அக்காள் கைக்கு வந்தது. அக்காள் பற்றிக்கொண்டாள். வீட்டில் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அரசாங்கமும் இதில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் பற்றிய 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் விரியவில்லை. எங்கள் நகரில் இது கண்கூடு. ஒரே சாலில், எதிரெதிர் வீட்டில், ஒரே வகைத் தீண்டாமையிலிருந்து தப்பி வந்த இரு குடும்பங்கள். அம்பேத்கர் வழியில் பௌத்தரான குடும்பத்துப் பையனுக்குச் சான்றிதழ் உண்டு. தாராவித் தோல் கிடங்கில் உழைத்த கிறித்தவர் பேரனுக்கு இல்லை. கிறித்தவத்தில் சாதி இல்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. சபைகள் இதை எதிர்த்து மனு எழுதும்பொழுது, எங்களுக்குள் சாதி உண்டு என்று தாமே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஒப்புதலை மனுவோடு நிறுத்தாமல் பிரசங்க பீடத்திலிருந்தும் சொன்னால் நல்லது என்பது என் கருத்து. 2022-இல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது.

இப்பொழுது எங்கள் சபையில் சூடாக நடக்கும் விவாதம் மொழி பற்றியது. பெரியவர்கள் கையிலுள்ள வேதம் 1871-இல் நிறைவுற்ற மொழிபெயர்ப்பின் வழிவந்தது; கர்த்தர், தேவன், பரிசுத்த ஆவி என்று பேசுவது. அதற்கு முன் பப்ரிசியுஸ் ஐயர் பராபரன் என்று எழுதினார். கத்தோலிக்கரும் மற்றவரும் கூடிச் செய்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம் கடவுள், ஆண்டவர் என்கிறது. எது நல்ல தமிழ் என்று பெரியவர்கள் வாதாடுகிறார்கள். எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் சபைப் பிள்ளைகளில் பாதிப்பேர் தேவநாகரி படிப்பார்கள், ஆங்கிலம் படிப்பார்கள், தமிழ் எழுத்து அறியார்கள். கீர்த்தனையை ஆங்கில எழுத்தில் அச்சடித்து வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். ழகரம் படும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் பெரியவர்களுக்குத் தமிழ், மாலையில் இளைஞர்க்கு ஆங்கிலம் என்று ஆராதனையைப் பிரித்துவிடலாம் என்ற யோசனை குழுவின் முன் இருக்கிறது. பல சபைகளில் அப்படிச் செய்திருக்கிறார்கள், வசதியானதுதான். நான் அதற்கு எதிராகக் கை தூக்கப் போகிறேன். தாத்தா ஒரு வேளையும் பேரன் ஒரு வேளையும் பந்திக்கு வந்தால், வசதிக்காக வகுத்த பழைய மிஷன் எல்லைகள்போல் அதுவும் ஐம்பது ஆண்டில் இரண்டு சபையாகிவிடும். ஒரே ஆராதனை, பாடம் இரு மொழியிலும் வாசிப்பு, பிரசங்கம் தமிழில், சுருக்கம் ஆங்கிலத்தில், ஞாயிறு பள்ளியில் முதல் அரைமணி தமிழ் எழுத்து. அரிச்சுவடி வகுப்பை நடத்த நானும் இன்னொரு மாணவரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். இப்படியானால் ஆராதனை இரண்டரை மணி நேரம் ஓடும், உச்சிவெயிலில் ஹார்பர் வண்டி பிடித்து வீடு போய்ச் சேர வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் பெரிய ஆட்சேபம். ஊரில் அசனப் பந்திக்கு மாலை வரை வரிசையில் நின்றவர்கள்தாம் அப்படிச் சொல்கிறார்கள்.